தீப்பிடிக்காத மருந்து

இன்னும் கொஞ்சம் கிட்ட வந்து உட்காருங்கள், என் கண்ணுகளா. வாசல் பக்கம் இருக்கிறவர்கள் கம்பளியை இழுத்து மூடிக்கொள்ளுங்கள், பனி உள்ளே வருகிறது. இன்றைக்கு ராஜா ராணி கதை இல்லை. குன்னூரில் கோட்டு வெளுத்த ஒரு மனிதனுடைய கதை. அவனைக் குடியிலிருந்து இழுத்துக் கரை சேர்த்த ஒருத்தியுடைய கதை. கேட்கக் கொஞ்சம் கசக்கும். கசந்தாலும் பாதியில் எழுந்துவிடாதீர்கள். பாதிக் கதையோடு போகிறவர்கள் பாலாமணியின் மேல் பழியைப் போட்டுவிட்டுத்தான் போவார்கள். ஊரார் அந்தப் பாதியைக்கூடக் கேட்காமல் அவன் மேல் பழியைப் போட்டுவிட்டுப் போனார்கள்.

குன்னூர் கடைவீதியிலிருந்து மேலே ஏறுகிற படிக்கட்டுச் சந்து ஒன்றில் லிங்கசாமியின் லாண்டரி இருந்தது. முன்பக்கம் இஸ்திரி மேசை, கண்ணாடி பீரோ. பின்பக்கம் ஒரு வேலை அறை. அதற்கும் பின்னால் ஒற்றை அறையும் சமையல் சாய்ப்புமாகக் குடியிருக்க ஓர் ஊடு. அந்த ஊட்டில் ஆறுமுகசாமியும் அவன் பெண்டாட்டி பாலாமணியும் இருந்தார்கள். அன்னூர்ப் பக்கத்திலிருந்து பிழைக்க மேலே ஏறி வந்த குடும்பம் ஆறுமுகசாமியுடையது. பாலாமணி தேயிலை எஸ்டேட்டின் கூலி லயத்தில் பிறந்தவள். அவள் அம்மா கொழுந்து பறித்தே முதுகு வளைந்தவள்.

மலையில் லாண்டரி என்றால் சேலை வேட்டி வெளுப்பது மட்டும் இல்லை. கோட்டு, சூட்டு, கம்பளிச் சால்வை, பட்டாளத்து ஆபீசரின் தடித்த ஓவர்கோட்டு எல்லாம் வரும். உல்லன் துணி தண்ணீரைக் கண்டால் சுருங்கிவிடும். துரை போட்ட கோட்டைத் தண்ணீரில் முக்கினால் அதன்பிறகு அதைத் துரையின் பிள்ளைதான் போடலாம். அதனால் பெட்ரோலில் நனைத்துத் தேய்த்து அழுக்கெடுப்பார்கள். பெட்ரோல் என்றால் பயம் இருந்தது. பின்வாசலில், வெட்ட வெளியில், பீடிக்காரனை அண்டவிடாமல்தான் அந்த வேலை நடந்தது. மழை வந்தால் வேலை நின்றது. அப்படி இருந்தும் ஒரு நாள் எங்கிருந்தோ ஒரு பொறி பறந்து வந்து, லிங்கசாமியின் புருவமும் ஒரு வக்கீலின் கோட்டும் ஒன்றாகக் கருகின.

அதற்கப்புறம் லிங்கசாமி கோயமுத்தூர் போய் ஒரு டின் மருந்து வாங்கி வந்தார். தண்ணீர் மாதிரி இருந்தது. மூடியைத் திறந்தால் தித்திப்பாக ஒரு வாசம். சந்துக்காரர்களையெல்லாம் கூப்பிட்டு, ஒரு கிண்ணத்தில் ஊற்றி, தீக்குச்சியைக் கிழித்து அதில் போட்டார். குச்சி 'சுர்'ரென்று அணைந்தது. கூட்டம் கைதட்டியது.

"பாத்தீங்களா? பத்தவே பத்தாது. இனி மழையா பனியா, ஒண்ணும் பாக்க வேண்டியதில்ல. உள்ளாறயே வெச்சு வேலையப் பாருப்பா ஆறுமுகம்," என்றார்.

தீப்பிடிக்காத மருந்தில் என்ன கெடுதல் இருந்துவிடப் போகிறது? அன்றைக்கே தொட்டி பின்வாசலிலிருந்து அறைக்குள் வந்தது. பனி உள்ளே புகுந்தால் உல்லன் ஈரம் குடித்து முடைநாற்றம் வீசும் என்று ஜன்னலையும் அடைத்தார்கள்.

சாராயக்கடை திறந்திருந்த வருடங்கள் அவை. பொழுது சாய்ந்ததும் ஆறுமுகசாமி படிக்கட்டு இறங்கிப் போவான். ஏறி வரும்போது படிகள் அவனுக்கு இரட்டையாகத் தெரியும். மருந்து வாசத்தில் தலை கிறுகிறுக்கிறது, ரெண்டு மடக்கு போட்டால்தான் அது முறிகிறது என்பான். அந்த வேலை பார்த்த எல்லோருமே அப்படித்தான் நம்பினார்கள். ஒரு நாள் சாக்கடையில் விழுந்து கிடந்தவனை அவனுடைய அக்கா ராக்கம்மாதான் பார்த்து, ஆள் வைத்துத் தூக்கி வந்தாள். சந்தின் கோடியில் அவள் ஊடு. கணவன் வெடிமருந்து பேக்டரியில் காவல்காரன்.

மறுநாள் காலையில் ராக்கம்மா வந்து உட்கார்ந்துகொண்டாள்.

"ஏண்டா தம்பி, ரோட்டுல போற மாடு கூடச் சாக்கடையப் பாத்து ஒதுங்கிப் போகுது. உனக்கு மட்டும் அது மெத்தையாட்டத் தெரியுதா?"

"குளுருதுக்கா. உள்ளாற ரெண்டு மடக்குப் போனாத்தான் வெரலு நீளுது."

"உன்ற பொண்டாட்டிக்கும் இதே குளுருதான். அவ எந்தக் கடையில போயி நிக்கறா?"

"அவ எஸ்டேட்டுல பொறந்தவ. அவளுக்குக் குளுரு பங்காளி மொறை."

பாலாமணிக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள். ராகிக் களியை உருட்டித் தட்டில் வைத்து, நடுவில் குழி பண்ணி அவரைக் குழம்பை ஊற்றினாள். அவன் கை களியைப் பிட்டபோது நடுங்கியது. அந்த நடுக்கத்தைப் பார்த்தவளுக்கு வாய் தானாகத் திறந்துகொண்டது.

"ஏனுங்க, நான் ஒண்ணு கேட்டாச் செய்வீங்களா?"

"கேளு."

"பழனிக்கு மாலை போடுங்க. தைப்பூசத்துக்கு நடந்து போயிட்டு வாங்க. அது வரைக்கும் தொடாதீங்க. போயிட்டு வந்தப்பறம் குடிச்சீங்கன்னா, நான் ஏன்னு கேக்க மாட்டன்."

"நான் மாலை போட்டா முருகன் பயந்து மலைய விட்டு எறங்கிருவான்."

"எறங்கட்டும். எறங்கி வந்து நம்மூட்டுல களி தின்னுட்டுப் போகட்டும்."

அவன் சிரித்தான். ராக்கம்மாவும் சிரித்தாள். சிரித்த வாயோடு, "என்ற தலை மேல கை வெச்சுச் சொல்றா," என்று தலையை நீட்டினாள். மார்கழி பிறந்த அன்று குளித்து, காவி வேட்டி கட்டி, துளசி மாலை போட்டுக்கொண்டு வந்து நின்றான் ஆறுமுகசாமி.

முதல் சில நாட்கள் உடம்பு உதறியது. வேர்த்துக் கொட்டியது, அந்தக் குளிரில். பாலாமணி சுக்குக்காபி போட்டுக் கொடுத்துப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். அதற்கப்புறம் அவன் முகம் தெளிந்தது. சாய்ப்பில் ஒழுகிய தகரத்தை மாற்றினான். வேலை முடிந்து வருகையில் அவளுக்குத் தின்ன வர்க்கிப் பொட்டலம் வாங்கி வந்தான். கலியாணமான புதிதில் பேசியதையெல்லாம் மறுபடி பேசினான். மாலை போட்டவனைச் சாமி என்றுதானே கூப்பிட வேண்டும்? அவள் அதை வைத்தே அவனைக் கேலி செய்தாள்.

"சாமி, இந்த வெறகைக் கொஞ்சம் பொளந்து குடுங்க சாமி."

"சாமிகிட்ட வேலை வாங்கறயா? பாவம் புடிக்கும்."

"புடிச்சாப் புடிக்கட்டும். சாமிக்குத் தண்ணி காயோணுமில்ல?"

கண்ணுகளா, அந்த நாட்களை நன்றாக மனதில் வையுங்கள். அவள் பிழைப்பில் அவளுக்கென்று வாய்த்தது அவ்வளவுதான்.

வருடக் கடைசி வந்தது. துரைமார் கிளப்பில் விருந்து. எஸ்டேட் பங்களாக்களிலிருந்து கோட்டும் சூட்டும் கூடை கூடையாக வந்து இறங்கின. வெளியே உறைபனி விழுந்து புல் உப்புத் தூவினாற்போலக் கிடந்தது. லிங்கசாமி புது டின்னை உடைத்துக் கொடுத்தார். "எல்லாத்தையும் நல்லா அடைச்சுக்கப்பா. கதவு இடுக்குல சாக்கை வை," என்றார். அவரும் சும்மா இருக்கவில்லை, முன்பக்கம் உட்கார்ந்து பொத்தான் தைத்தார். பாலாமணி வாசல் திறந்த முன்பக்கத்தில் இஸ்திரி போட்டாள். உள்ளே ஆறுமுகசாமி தொட்டியின் மேல் குனிந்து கழுத்துப்பட்டை அழுக்கைத் தேய்த்தான், பிழிந்தான், கொடியில் போட்டான். கொடியில் தொங்கிய அத்தனை கோட்டிலிருந்தும் அந்தத் தித்திப்பு வாசம் அறைக்குள்ளேயே உலர்ந்தது. விரதம் என்பதால் பகலில் அவன் ஒன்றும் சாப்பிடவில்லை.

இரண்டாம் நாள் பொழுது சாய வெளியே வந்தவன் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"தலை சுத்துது புள்ள."

"வெறும் வயிறு. அதான்," என்று கஞ்சி கொடுத்தாள். குடித்ததை அப்படியே வாந்தி எடுத்தான். எதிர்ப்பக்கம் தண்ணீர் பிடிக்க நின்ற ஒருத்தி, "சாமி களவா ஊத்தியிருக்குமாட்ட," என்று சிரித்தாள். பாலாமணி அவன் வாயருகே குனிந்து முகர்ந்து பார்த்தாள். சாராய வாடை இல்லை. மருந்து வாசம்தான் இருந்தது. அவளுக்கு நிம்மதியாக இருந்தது. ஐயோ, அந்த நிம்மதியை நினைத்து அவள் பின்னாளில் எவ்வளவு அழுதாள்!

மறுநாள் அவன் தேவலை என்று எழுந்து உட்கார்ந்தான். மீதிக் கோட்டையும் முடித்துக் கொடுத்தான். அதற்கடுத்த நாள் வலது விலாவுக்குக் கீழே வலி. கண் மஞ்சளாக இருந்தது. சிறுநீர் வரக்காபி நிறத்தில் போனது. காமாலைதான் என்று ராக்கம்மா கீழாநெல்லி பறித்து வந்து மோரில் அரைத்துக் கொடுத்தாள். நீர் குறைந்துகொண்டே வந்து, ஒரு காலையில் நின்றே போனது. கால் இரண்டும் வீங்கின. அதற்குமேல் தாமதிக்காமல் டோலி மாதிரி நாற்காலியில் வைத்துப் படியிறக்கி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள்.

அங்கே டாக்டர் சுலோச்சனா இருந்தார். மலைக்குக் கீழே சமவெளியிலிருந்து வந்தவர், வயது குறைவு. கண் இமையை இழுத்துப் பார்த்தார், வயிற்றை அழுத்திப் பார்த்தார்.

"குடிப்பாரா?"

ராக்கம்மா முந்திக்கொண்டாள். "குடிதாங்க டாக்டரம்மா இவனைக் கெடுத்துது. குடிச்ச இத்தனை வருச வெனைதான் இப்ப வந்து நிக்குது."

"இல்லீங்க," என்றாள் பாலாமணி. குரல் நிமிர்ந்து வந்தது. "மாலை போட்டிருக்காருங்க. மார்கழி பொறந்ததுல இருந்து ஒரு சொட்டுத் தொடல. நான் சத்தியமாச் சொல்றனுங்க."

டாக்டர் அவள் முகத்தை நிமிர்ந்து பார்த்தார். என்ன வேலை என்று கேட்டார். சொன்னாள். எதில் வெளுப்பீர்கள் என்று கேட்டார். அது அவளுக்குத் தெரியவில்லை. பின்னால் நின்ற லிங்கசாமி, கோயமுத்தூர்க் கடைக்காரன் சொன்ன பெயரைத் தட்டுத் தடுமாறிச் சொன்னார். கார்பன் டெட்ராகுளோரைடு. டாக்டர் கையிலிருந்த பேனாவை மூடி வைத்தார்.

"ஜன்னல் திறந்திருந்துதா?"

"அடைச்சுத்தாங்க வெச்சிருந்தோம். அது தீப்புடிக்காதுங்களே," என்றார் லிங்கசாமி.

மற்றவர்களை வெளியே அனுப்பிவிட்டு டாக்டர் பாலாமணியைப் பெஞ்சில் உட்காரச் சொன்னார். அவள் உட்காரவில்லை.

"ஏம்மா, உங்க வீட்ல யாராவது எஸ்டேட்ல வேலை பார்த்திருக்காங்களா?"

"என்ற அம்மா கொழுந்து பறிச்சுதுங்க."

"அப்ப உங்களுக்குப் புரியும். ஈரல்தான் உடம்போட பேக்டரி. வெளியில இருந்து வர்ற கண்டதையும் அது உடைச்சு, கழுவி வெளியேத்தப் பார்க்கும். சாராயத்தையும் அதுதான் உடைக்குது. இந்த மருந்தையும் அதுதான் உடைக்குது. இந்த மருந்து அப்படியே மூச்சுல திரும்பிப் போயிட்டா ஈரலுக்கு இவ்வளவு சேதம் இல்ல. ஈரல் சும்மா விடாது. உடைக்கும். உடைஞ்ச துண்டு இருக்கு பாருங்க, அதுதான் பெரிய விஷம். வெளிய போறதுக்குள்ள பக்கத்துல இருக்கிறதையெல்லாம் சுட்டுடும். அதாவது ஈரலையே."

"நல்லது பண்றதா நெனைச்சுத் தானே கெட்டுப்போகுதுங்களா?"

"ஆமாம்மா."

"அப்ப இத்தனை நாளா ஏனுங்க ஒண்ணும் ஆகல? ஒரு வருசமா இதே தொட்டியிலதான நின்னாரு?"

டாக்டர் ஜன்னல் பக்கம் பார்த்தார். சொல்லலாமா வேண்டாமா என்று அந்த அம்மாள் யோசித்தது பாலாமணிக்குத் தெரிந்தது.

"சொல்லுங்க டாக்டரம்மா. நான் தாங்கிக்குவன்."

"கொழுந்து நிறைய வர்ற சீசன்ல பேக்டரியில ஆள் கூட எடுப்பாங்க இல்லையா? தினமும் சாராயம் வந்தா ஈரலும் அப்படித்தான், உடைக்கிறதுக்கு ஆள் கூட வச்சுக்கும். சாராயம் வர்ற வரைக்கும் அந்த ஆளுங்க அதோடயே மல்லுக்கட்டிட்டு இருப்பாங்க, இந்த மருந்துல அவ்வளவா கை வைக்க மாட்டாங்க. திடீர்னு சாராயம் நின்னுட்டா..."

பாலாமணி தேயிலை பேக்டரி வாசலில் வளர்ந்தவள். மீதியை டாக்டர் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"ஆளு அத்தனையும் உள்ளாறயே இருக்குது. கையில வேலை இல்ல," என்றாள் மெதுவாக. "அந்த நேரம் பாத்து இந்த மருந்து கூடை கூடையா வந்து எறங்கியிருக்குது."

"அப்படி இருக்கலாம். மருந்தும் இந்தத் தடவை ரொம்ப அதிகம். வயிறும் காலியா இருந்திருக்கு."

"குடிச்சிருந்தாப் பொழைச்சிருப்பாருங்களா?"

டாக்டர் அவள் தோளைப் பிடித்து உட்கார வைத்தார்.

"இங்க பாருங்க. குடிச்சுட்டே இருந்திருந்தாலும் அந்தத் தொட்டி அவரை விட்டிருக்காது, இன்னொரு நாள் இழுத்திருக்கும். தொட்டி இல்லாம மாலை மட்டும் போட்டிருந்தா, உங்க வீட்டுக்காரர் பழனிக்கு நடந்து போயிட்டு வந்திருப்பார். நீங்க செஞ்சது தப்பு இல்ல. அதை மட்டும் நெஞ்சுல எழுதி வச்சுக்குங்க."

பாலாமணி தலையாட்டினாள். ஆனால், கண்ணுகளா, காதில் விழுகிறதெல்லாம் நெஞ்சில் இறங்கிவிடுகிறதா?

வார்டில் ஆறுமுகசாமி வீங்கிக் கிடந்தான். தோல் எலுமிச்சம் பழமாக இருந்தது. ஊசி போடவந்த நர்ஸ் மாலையைக் கழற்றப் போனாள். அவன் கையால் மறித்தான். "வேண்டாமுங்க. பூசத்துக்கு இன்னும் நாளிருக்குது." ராக்கம்மா கட்டிலின் கால்மாட்டில் நின்று மூக்கைச் சிந்தினாள். வெளியே பனி கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு, மலை இருக்கிற திசையே தெரியவில்லை.

பாலாமணி கஞ்சித் தண்ணியைக் கரண்டியால் எடுத்து அவன் உதட்டை நனைத்தாள்.

"புள்ள," என்றான். "அக்கா சொல்லுது, குடிச்ச வெனைன்னு."

"அவங்க கெடக்கறாங்க விடுங்க."

"இல்ல, நெசந்தான். நல்லவேளை, நீ அன்னிக்கி மாலை போடச் சொன்ன. விடாம இருந்திருந்தா இந்நேரம் சாக்கடையிலயே முடிஞ்சிருப்பன். இப்பப் போனாலும் சுத்தமாப் போறன். நான் விட்டது நல்லதுதான புள்ள?"

அவள் கரண்டியைக் கிண்ணத்தில் வைத்தாள். ஊரே ஒரு பக்கம் நின்று அவளைப் பார்ப்பதுபோல அவளுக்கு இருந்தது. அவன் கண், அந்த மஞ்சள் கண், பதிலுக்காக அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது.

"நல்லதுதானுங்க சாமி," என்றாள். "இதை விட நல்லதா யாரும் எதையும் பண்ணல. என்ற சாமி சொன்ன சொல்லைக் காப்பாத்துச்சு."

"அப்படிச் சொல்லு," என்று அவன் சிரிக்கப் பார்த்தான். உதடு வெடித்து ரத்தம் கசிந்தது. முந்தானையால் ஒற்றி எடுத்தாள். மறுநாள் வெயில் ஏறுகிற நேரத்துக்கு, மாலை கழுத்தில் இருந்தபடியே, அவன் போய்விட்டான்.

இழவு வீட்டுக்கு வந்தவர்கள் எல்லோரும் ஒரே பாட்டைத்தான் பாடினார்கள். குடிகாரன், ஈரல் வெந்து போனான். ராக்கம்மாவும் அதையே சொல்லி அழுதாள். பாலாமணி மறுக்கவில்லை. மறுத்தால் டாக்டர் சொன்னது முழுவதையும் சொல்ல வேண்டும். முழுவதையும் சொன்னால் கேட்கிறவர்கள் பாதியைத்தான் எடுத்துக்கொண்டு போவார்கள். மாலை போட்டதால் செத்தான் என்பார்கள். அவனைப் பார்த்துக் குடியை விட்டவர்கள் சந்தில் இரண்டொருவர் இருந்தார்கள்; அவர்கள் மறுபடி படிக்கட்டு இறங்கிப் போவார்கள். அதனால் வாயை மூடிக்கொண்டு, அவனுக்கு வந்த கெட்ட பேரைத் தன் மடியில் வாங்கிக்கொண்டாள்.

காரியம் முடிந்து சில நாள் கழித்து, காலையில் முன்பக்கம் பேச்சுச் சத்தம் கேட்டு எழுந்து வந்தாள். லிங்கசாமி தன் அக்கா மகன் மூக்கனைக் காரமடையிலிருந்து வரவழைத்திருந்தார். நல்ல உசரம், இன்னும் மீசை முற்றாத முகம். கையில் ஒரு பட்டாளத்துக் கோட்டு. தொட்டியில் மருந்து ஊற்றி வைத்திருந்தது. பாலாமணி போய் வேலை அறையின் வாசல்படியில் குறுக்கே உட்கார்ந்துகொண்டாள்.

"என்னம்மிணி இது?" என்றார் லிங்கசாமி. அவருடைய குரலில் கோபம் இல்லை, கூச்சம்தான் இருந்தது. "பட்டாளத்துக் கோட்டு. நாளைக்குக் குடுக்கோணும். ஜன்னல் வேணும்னாத் தெறந்து வெச்சுக்கறம்."

"இந்த மருந்துப் பேரைக் கேட்டு டாக்டரம்மா பேனாவை மூடி வெச்சப்ப நீங்களும் இருந்தீங்கதானுங்க?"

"இருந்தன். குடிச்ச ஈரலுக்குத்தான் அது எச்சாக் கெடுதல்னு அப்பறம் கம்பவுண்டரு சொன்னாரு. இவன் அப்படி இல்லையே!"

மூக்கன் அவளுக்கு முன்னால் குந்தி உட்கார்ந்தான். மரியாதையான பிள்ளை.

"அக்கா, நான் குடிக்கறதே இல்லீங்க. பீடி கூடத் தொட்டதில்ல. எனக்கொண்ணும் ஆகாதுங்க. எந்திரிங்க."

பாலாமணி அவன் கண்ணைப் பார்த்தாள். வெள்ளை வெளேரென்று இருந்தது.

"அன்னிக்கி அவரும் குடிக்கல மூக்கா," என்றாள்.

மூக்கன் எழுந்தான். அப்புறம் அவளைப் பார்த்தான், தொட்டியைப் பார்த்தான், மாமனைப் பார்த்தான். கோட்டை மடித்து இஸ்திரி மேசையின் மேல் வைத்துவிட்டு, கையை லுங்கியில் துடைத்துக்கொண்டே படியிறங்கிப் போனான். லிங்கசாமி அவனைத் திரும்பக் கூப்பிடவில்லை. அந்தக் கோட்டு அழுக்கோடுதான் பட்டாளத்துக்குத் திரும்பிப் போயிற்று.

கதை அவ்வளவுதான், என் செல்வங்களா. பார்த்துப் படியிறங்குங்கள், வழுக்கும். உங்கள் ஊட்டிலிருந்து காலையில் வேலைக்குப் போகிற உடம்பு, போன உடம்பாகவே பொழுதோடு திரும்பி வரட்டும். அவர்கள் சட்டையில் வேர்வை வாடை தவிர வேறு வாசம் ஒட்டாமல் இருக்கட்டும். உங்கள் பிள்ளைகளின் கண் பால் மாதிரி வெளுத்திருக்கட்டும். அன்போடு நீங்கள் கேட்டு வாங்கிய சத்தியம் ஒவ்வொன்றும் உங்கள் ஊட்டுக்கு நன்மையாகவே வந்து சேரட்டும்.